ஒரே உரை, பல கோப்புகள்: லினக்ஸ் கட்டளை வரியில் எழுதுதல் பற்றி ஓர் ஆய்வு

1. ஆய்வின் பொருள்

ஒரு வரியை ஒரு கோப்பில் எழுதுவது லினக்ஸில் முதல் நாளிலேயே கற்கும் பாடம். அதே வரியைப் பத்துக் கோப்புகளில் எழுது என்றால் கேள்வி உடனே கிளைவிடுகிறது. பழைய உள்ளடக்கம் அழிய வேண்டுமா, கடைசியில் சேர வேண்டுமா? பத்தில் ஒன்றைத் திறக்க முடியாமல் போனால் மற்ற ஒன்பதும் எழுதப்படுமா? எழுதும் உரிமை யாருக்கு இருக்க வேண்டும்? இணையத்தில் இதற்குக் கிடைக்கும் ஒற்றை வரி விடைகள் பெரும்பாலும் சரியானவைதான். ஆனால் அவை எப்போது கைவிடும் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. அந்தக் குறையை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் வாதம் ஒன்றே. பல கோப்புகளில் எழுதும் எந்த வழியையும் புரிந்துகொள்ள, கோப்பைத் திறப்பது யார் என்று முதலில் கேட்க வேண்டும். ஷெல் திறக்கிறதா, ஷெல் இயக்கிய நிரல் திறக்கிறதா? அனுமதி, பாதுகாப்பு, எண்ணிக்கை வரம்பு, பிழைச் செய்தி ஆகிய நான்கும் அந்த விடையைச் சார்ந்தே அமைகின்றன.

கட்டளைப் பெயர்களை இங்கே ஒலிபெயர்த்துத் தருகிறேன். விசைப்பலகையில் அவற்றின் வழக்கமான எழுத்துகளில் தட்ட வேண்டும். கோப்புப் பெயர்களைத் தமிழிலேயே தட்டலாம், லினக்ஸ் ஏற்றுக்கொள்ளும். அதில் உள்ள சிக்கலை ஏழாம் பகுதியில் பார்ப்போம்.

2. ஷெல் திறக்கும்போது

2.1 இரண்டு அம்புக்குறிகள்

எக்கோ "வணக்கம்" > முதல் > இரண்டு

புதிதாகக் கற்பவர் இயல்பாக முயன்று பார்க்கும் கட்டளை இது. பாஷ் ஷெல்லில் இதை இயக்கினால் பிழைச் செய்தி எதுவும் வராது. இரண்டு கோப்புகளும் இருக்கும். ஆனால் 'இரண்டு' என்பதில் மட்டும் உரை இருக்கும். 'முதல்' வெறுமையாக இருக்கும். அதில் ஏற்கெனவே ஏதாவது இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

எக்கோ இயங்குவதற்கு முன்பே ஷெல் இடமிருந்து வலமாக வேலையைத் தொடங்கிவிடுகிறது. 'முதல்' கோப்பை எழுதத் திறக்கிறது. திறக்கும்போதே அதன் நீளத்தைப் பூஜ்யமாக்குகிறது. அதை 1 என்ற எண்ணுள்ள வெளியீட்டு வாயிலில் பொருத்துகிறது. அடுத்து 'இரண்டு' கோப்பையும் இதேபோல் திறந்து, அதே 1-ஆம் வாயிலில் பொருத்துகிறது. ஒரு வாயிலுக்கு ஒரு கோப்புதான். பின்னால் வந்தது முன்னதை விலக்கிவிடுகிறது. எக்கோவுக்கு இது எதுவும் தெரியாது. தன் 1-ஆம் வாயிலில் எழுதிவிட்டு அது முடிந்துவிடுகிறது.

கோப்பை அழிப்பது அம்புக்குறிதான், கட்டளையின் வெளியீடு அன்று. இதை மனத்தில் வைத்தால், 'சார்ட் பட்டியல் > பட்டியல்' என்று ஒரு கோப்பை அதன்மீதே வரிசைப்படுத்த முயன்றவர்கள் ஏன் வெற்றுக் கோப்போடு நின்றார்கள் என்பதும் விளங்கும். சார்ட் படிக்கத் தொடங்கும்போது அங்கே படிக்க எதுவும் மிச்சமில்லை.

2.2 இஸட்ஷெல்லின் விதிவிலக்கு

பால் ஃபால்ஸ்டாட் 1990-இல் எழுதிய இஸட்ஷெல் இந்த இடத்தில் வேறு வழியில் போகிறது. மல்டியாஸ் என்ற அமைப்பு அதில் இயல்பாகவே இயங்கும். மேற்கண்ட கட்டளையை அங்கே தட்டினால் இரண்டு கோப்புகளிலும் உரை சேரும். அம்புக்குறிக்குப் பின் நட்சத்திரக் குறி இட்டால் பொருந்தும் எல்லாக் கோப்புகளிலும் எழுதும். வசதிதான், ஆனால் வெறுங்கட்டளை ஒன்றின் வெளியீட்டை நட்சத்திரத்துக்குத் திருப்பினால் அந்தக் கோப்பகத்தின் எல்லாக் கோப்புகளும் வெறுமையாகிவிடும். இஸட்ஷெல் கையேடே இந்த எடுத்துக்காட்டைக் கொடுக்கிறது.

பாஷ் நட்சத்திரத்தை இந்த இடத்தில் ஏற்பதில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் பொருந்தினால் திசைமாற்றம் தெளிவற்றது என்று சொல்லி நின்றுவிடும். டெபியனிலும் உபுண்டுவிலும் நிரல்தொகுப்புகளை இயக்கும் டாஷ் ஷெல், நிரல்தொகுப்புக்குள் நட்சத்திரத்தை விரிக்காமல் அந்தக் குறியையே பெயராகக் கொண்ட கோப்பை உருவாக்கும். ஒரே வரிக்கு மூன்று ஷெல்களில் மூன்று விளைவுகள். எனவே பிறருக்குக் கொடுக்கப்போகும் நிரல்தொகுப்பில் அம்புக்குறியை வைத்துப் பல கோப்புகளில் எழுத முயலவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

3. நிரல் திறக்கும்போது: டீ

3.1 தோற்றம்

ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றின் உள்ளீட்டோடு இணைக்க வேண்டும் என்று பெல் ஆய்வகத்தின் டக் மக்கில்ராய் 1964-லேயே குறிப்பு எழுதினார். கென் தாம்சன் 1973-இல் அதை யூனிக்ஸில் பைப்பாகச் செய்து முடித்தார். அடுத்த ஆண்டு வந்த ஐந்தாம் பதிப்பு யூனிக்ஸில் டீ இருக்கிறது. குழாய் வேலைக்காரர் ஒரு குழாயை இரண்டாகப் பிரிக்கப் பொருத்தும் டீ இணைப்பைப் போன்றது இதன் வேலை: உள்ளே வருவதை அப்படியே வெளியே விடும், அதன் நகலைக் கொடுத்த கோப்புகளிலும் எழுதும்.

எக்கோ "வணக்கம்" | டீ முதல் இரண்டு மூன்று

மூன்று கோப்புகளிலும் உரை விழும், திரையிலும் வரும். திரையில் வேண்டாமென்றால் டீயின் வெளியீட்டை டெவ் அடைவிலுள்ள 'நல்' சாதனத்துக்குத் திருப்பிவிடலாம். பழைய உள்ளடக்கத்தைக் காத்துக் கடைசியில் சேர்க்க '-ஏ' என்ற விருப்பம் உண்டு.

இங்கே ஷெல்லுக்கு மூன்று பெயர்களும் வெறும் சொற்கள்தான். கோப்புகளைத் திறப்பது டீ. இந்த ஒரு மாற்றத்திலிருந்து பின்வரும் விளைவுகள் எல்லாம் பிறக்கின்றன.

3.2 அனுமதி

இடிசி அடைவிலுள்ள ஒரு கோப்பில் எழுத ரூட் உரிமை வேண்டும். 'சூடோ எக்கோ' என்று தொடங்கி அம்புக்குறியோடு முடித்தால் அனுமதி மறுக்கப்பட்டது என்றே வரும். சூடோ ரூட்டாக்கியது எக்கோவை. ஆனால் கோப்பைத் திறந்தது சாதாரணப் பயனரின் ஷெல். எக்கோவை 'சூடோ டீ'க்குள் பைப் வழியாக அனுப்பினால் திறப்பது ரூட் உரிமையுள்ள டீ, எழுதிவிடும். கணினி நிர்வாகிகள் கையில் டீ இவ்வளவு புழங்குவதற்கு இதுவே முதன்மைக் காரணம் என்பேன்.

இதே இடத்தில்தான் பெரிய ஆபத்தும் இருக்கிறது. வட்டுகளை எங்கே பொருத்துவது என்று கணினிக்குச் சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி சேர்க்கும்போது '-ஏ' விடுபட்டால், மற்ற வரிகள் அத்தனையும் போய்விடும். அடுத்த முறை கணினி சரியாக எழாது. ரூட் உரிமையோடு டீ தட்டுவதற்கு முன் கோப்புக்கு ஒரு நகல் எடுத்துவைப்பதை நான் கட்டாயம் என்றே சொல்வேன்.

3.3 மேலெழுதாப் பூட்டு

'செட் -ஓ நோகிளாபர்' என்று ஒருமுறை சொல்லிவிட்டால், இருக்கும் கோப்பின்மேல் அம்புக்குறியால் எழுத பாஷ் மறுத்துவிடும். இந்தப் பூட்டு டீயைக் கட்டுப்படுத்துமா? கட்டுப்படுத்தாது. பூட்டு ஷெல்லுக்குரியது, டீ தனி நிரல். பூட்டுப் போட்டிருக்கிறோம் என்ற நம்பிக்கையில் அம்புக்குறியை டீயாக மாற்றுபவர், அறியாமலே அந்தக் காப்பை இழக்கிறார். பயிற்சி நூல்கள் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

3.4 எத்தனை கோப்புகள்?

யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான போசிக்ஸ் தரம், டீ குறைந்தது 13 கோப்புகளையாவது கையாள வேண்டும் என்கிறது. இந்த 13 எங்கிருந்து வந்தது என்பதற்கு என் அனுமானம் இது: 1990-இன் போசிக்ஸில் ஒரு செயல்முறை ஒரே நேரத்தில் திறந்துவைக்க உறுதியளிக்கப்பட்ட குறைந்தபட்ச எண்ணிக்கை 16. உள்ளீடு, வெளியீடு, பிழை ஆகிய மூன்று வாயில்களைக் கழித்தால் 13.

இன்றைய லினக்ஸ் வழங்கல்களில் வழக்கமான மென்வரம்பு 1024. 'யூலிமிட் -என்' என்று தட்டிப் பார்க்கலாம். அதே மூன்றைக் கழித்தால் 1021. இரண்டாயிரம் கோப்புகளை டீயிடம் கொடுத்தால் ஏறத்தாழ முதல் ஆயிரத்தில் எழுதும். மற்ற ஒவ்வொன்றுக்கும் திறந்த கோப்புகள் மிகுந்துவிட்டன என்று பிழை சொல்லும். டீ எல்லாக் கோப்புகளையும் ஒரே நேரத்தில் திறந்துவைத்திருப்பதால் வரும் வரம்பு இது. தாண்ட வேண்டுமானால் ஐந்தாம் பகுதியின் சுழல் வழிக்குப் போக வேண்டும்.

4. பாதியில் நிற்கும் எழுத்து

எழுதத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். எழுத்து நின்றுபோனதை அறியத் தெரிந்தவர்கள் குறைவு. ஆகவே இந்தப் பகுதியில் சற்று நிதானிக்கிறேன்.

லினக்ஸின் டெவ் அடைவில் 'ஃபுல்' என்றொரு சாதனம் உண்டு. அதில் எழுத முயன்றால் எப்போதும் 'இடமில்லை' என்ற பிழைதான் திரும்பும். வட்டு நிரம்பிய நிலையைச் சோதிக்கவே அது இருக்கிறது. டீயிடம் 'முதல்', அந்த ஃபுல் சாதனம், 'மூன்று' என இந்த வரிசையில் மூன்றைக் கொடுங்கள். நடுவிலுள்ளதற்குப் பிழைச் செய்தி வரும். முதலும் மூன்றும் முழுமையாக எழுதப்பட்டிருக்கும். டீயின் முடிவுநிலை எண் 1 ஆக இருக்கும். ஒன்று தவறினாலும் மற்றவற்றில் தொடர வேண்டும், ஆனால் தவறியதை முடிவுநிலையில் காட்ட வேண்டும் என்று போசிக்ஸே விதித்திருக்கிறது. நல்ல விதி.

இரண்டாவது சோதனை இவ்வளவு நல்லபடியாக முடிவதில்லை.

சீக் 1000000 | டீ எண்கள் | ஹெட் -என் 1

சீக் ஒன்று முதல் பத்து லட்சம் வரை எண்களை வரிக்கு ஒன்றாக அச்சிடுகிறது. 'எண்கள்' கோப்பு முழுமையாக இருந்தால் 68,88,896 பைட் இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் அதில் ஒரு சிறு பகுதிதான் இருக்கும். அந்த அளவும் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும். ஹெட் முதல் வரியைப் பெற்றதும் தன் வேலையை முடித்து வெளியேறுகிறது. வாங்க ஆளில்லாத பைப்பில் டீ எழுத முயலும்போது கெர்னல் சிக்பைப் என்ற சமிக்ஞையை அனுப்பி டீயை நிறுத்திவிடுகிறது. திரைப்பக்கம் நின்றதற்காகக் கோப்புப்பக்கமும் நின்றுபோகிறது; பிழைச் செய்தியும் வராது. பதிவுக் கோப்பை டீயால் சேமித்துக்கொண்டே முதல் சில வரிகளை மட்டும் பார்ப்பவர், பதிவின் பெரும்பகுதியை இப்படித்தான் இழக்கிறார்.

இதற்கு மருந்து '-பி' (p) விருப்பம். டீ அடங்கிய குனூ தொகுப்பான கோர்யூட்டில்ஸின், 2015-இல் வந்த 8.24 பதிப்பில் இது சேர்ந்தது. இதைக் கொடுத்தால் பைப் முறிந்தாலும் டீ கோப்புகளில் தொடர்ந்து எழுதும். மேற்சொன்ன சோதனையை '-பி' சேர்த்து மறுபடி ஓட்டினால் 68,88,896 பைட்டும் வந்துசேரும்.

மூன்றாவது, முடிவுநிலை மறைந்துபோவது. 'மேக்' கட்டளையின் வெளியீட்டை டீயால் பதிவு செய்யும்போது மேக் தோற்றாலும் பைப்வரிசையின் முடிவுநிலை டீயினுடையதே. டீ வென்றதால் எல்லாம் சரி என்று காட்டும். பாஷில் 'செட் -ஓ பைப்ஃபெயில்' என்று அமைத்தால் இந்த மறைவு நீங்கும். பல ஷெல்களில் நெடுநாளாக இருந்த இந்த அமைப்பு 2024-இன் போசிக்ஸ் பதிப்பில் தரத்துக்குள்ளேயே வந்துவிட்டது.

5. ஒவ்வொன்றாகத் திறத்தல்

ஃபார் சுழலில் கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, 'பிரிண்ட்எஃப்' வெளியீட்டை இரட்டை அம்புக்குறியால் சேர்ப்பதே மிகப் பழைய, மிக நம்பகமான வழி. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கோப்பு திறந்து மூடப்படுவதால் 1024 வரம்பு குறுக்கே வராது. ஃபார் ஷெல்லின் உள்ளமைந்த சொல். ஆகவே நட்சத்திரம் எத்தனை பெயர்களாக விரிந்தாலும், வெளி நிரலுக்குத் தரும் சொற்பட்டியலுக்கான நீள வரம்பும் பொருந்தாது. கோப்புப் பெயர் மாறியை இரட்டை மேற்கோளுக்குள் வைக்க மறக்கக் கூடாது. பெயரில் இடைவெளி உள்ள கோப்பு அப்போதுதான் தப்பும்.

இந்தச் சுழலுக்குப் பதிலாக, பெயர்களைப் படித்துத் தொகுதி தொகுதியாக இன்னொரு கட்டளைக்குக் கொடுக்கும் எக்ஸ்ஆர்க்ஸையும் டீயையும் சேர்க்கப் பலர் முயல்கிறார்கள். பெயர்ப் பட்டியலை எக்ஸ்ஆர்க்ஸுக்குப் பைப்பில் அனுப்பினால், அது இயக்கும் டீக்கு உள்ளீடாக நல் சாதனத்தைத்தான் கொடுக்கும். டீ எல்லாக் கோப்புகளையும் திறந்து, நீளத்தைப் பூஜ்யமாக்கி, எழுத எதுவும் கிடைக்காமல் முடித்துவிடும். பட்டியலிலுள்ள அனைத்தும் வெறுமையாகும். பெயர்களைத் தனிக் கோப்பிலிருந்து படிக்கச் செய்தாலும் முதல் தொகுதிக்கே உரை முழுதும் தீர்ந்துவிடும். அடுத்த தொகுதிகள் வெறுமைதான். இந்தச் சேர்க்கையைத் தவிருங்கள்.

கோப்பின் தலையிலோ நடுவிலோ எழுத அம்புக்குறிக்கும் டீக்கும் வழியில்லை. அதற்கு 'செட்' (sed) என்னும் ஓடை எடிட்டர் உண்டு; முன்பு கண்ட 'செட் -ஓ' (set) வேறு. குனூ பதிப்பில் '-ஐ' விருப்பத்தோடு பல கோப்புகளைக் கொடுத்தால் ஒவ்வொன்றையும் தனியாக எண்ணி முதல் வரிக்கு முன் ஒரு வரியைச் சேர்க்கும். இரண்டு எச்சரிக்கைகள். வெற்றுக் கோப்பில் முதல் வரியும் இல்லை, கடைசி வரியும் இல்லை. செட் அதில் எதையும் சேர்க்காது, பிழையும் சொல்லாது. மேலும் அது பழைய கோப்புக்குள் எழுதுவதில்லை. புதிய கோப்பை உருவாக்கிப் பழைய பெயரை அதற்குச் சூட்டுகிறது. அதனால் வன்தொடுப்புகள் பிரிந்துபோகும். மென்தொடுப்பு இருந்த இடத்தில் சாதாரணக் கோப்பு வந்து அமரும்.

6. வெவ்வேறு வரி, வெவ்வேறு கோப்பு

வலைச் சேவையகத்தின் பதிவில் ஒவ்வொரு வரியின் முதல் புலமும் வந்தவரின் முகவரி. முகவரிக்கு ஒரு கோப்பாக வரிகளைப் பிரிக்க வேண்டும் என்றால், அஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் மூவரும் 1977-இல் உருவாக்கிய ஆக் மொழியில் ஒரு வரி போதும்: முதல் புலத்தின் பெயருள்ள கோப்புக்கு வரியைத் திருப்பு என்று எழுதினால் தீர்ந்தது.

ஷெல்லின் ஒற்றை அம்புக்குறியும் ஆக்கின் ஒற்றை அம்புக்குறியும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் நடத்தை வேறு. ஆக் ஒரு கோப்பை முதல்முறை திறக்கும்போது மட்டும் வெறுமையாக்கும். பிறகு மூடாமல் வைத்துக்கொண்டு வரிகளைச் சேர்த்துக்கொண்டே போகும். ஆயிரக்கணக்கான முகவரிகள் வந்தால் இதுவும் பழைய வரம்பில் முட்டும். குனூ ஆக் கோப்புகளைத் தானே மூடித் திறந்து சமாளிக்கப் பார்க்கும். அந்தத் திறமையை எல்லா ஆக் நிரல்களிடமும் எதிர்பார்க்க முடியாது. பாதுகாப்பாக இருக்க ஒவ்வொரு வரிக்குப் பின்னும் 'குளோஸ்' சொல்லலாம். அப்படிச் சொன்னால் ஒற்றை அம்புக்குறியை இரட்டையாக்கியே தீர வேண்டும். இல்லையேல் ஒவ்வொரு திறப்பிலும் கோப்பு வெறுமையாகி, முடிவில் ஒவ்வொரு முகவரிக்கும் கடைசி வரி மட்டுமே எஞ்சும்.

7. தமிழ்ப் பெயரும் தமிழ் உரையும்

லினக்ஸ் கெர்னலுக்குக் கோப்புப் பெயர் வெறும் பைட்டுகளின் வரிசை. சாய்கோடும் சுழி பைட்டும் தவிர எதுவும் வரலாம். வழக்கமான எக்ஸ்ட்4 கோப்பு முறையில் பெயரின் நீள வரம்பு 255 பைட். யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் எடுப்பதால் 85 குறியீடுகள்தான் கொள்ளும். 'திருநெல்வேலி' என்ற பெயருக்கே 36 பைட் ஆகிறது. நீண்ட தலைப்புகளைக் கோப்புப் பெயராக வைக்கும் தமிழ் மின்னூல் தொகுப்பாளர்கள் இந்த வரம்பை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. 'கோப்பு' என்ற பெயரில் ஒரு கோப்பை உருவாக்குகிறோம். இதிலுள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் கால் குறியுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். யூனிகோட் இரண்டையும் சமமானவை என்கிறது. கெர்னல் அப்படிப் பார்ப்பதில்லை. முதல் முறையில் பெயர் 18 பைட், இரண்டாவதில் 21 பைட். ஒரே கோப்பகத்தில் இரண்டும் அருகருகே இருக்கும், கண்ணுக்குத் துளியும் வேறுபாடு தெரியாது. மேக் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமிக்கும். அங்கிருந்து வந்த கோப்பில் ஒரு வரி சேர்ப்பதாக எண்ணி லினக்ஸில் அதே பெயரைத் தட்டினால், அருகில் புதிதாக ஒரு கோப்பு பிறந்துவிடும். ஐயம் வந்தால் பெயரைப் பிரிண்ட்எஃப்பால் அச்சிட்டு 'டபிள்யூசி -சி'யால் பைட்டை எண்ணிப் பாருங்கள். பெயரைக் கையால் தட்டாமல் நட்சத்திரத்தால் விரியவிட்டால் இந்தச் சிக்கலே எழாது.

உரையைப் பொறுத்தவரை டீக்கு மொழி தெரியாது; வந்த பைட்டை வந்தபடி எழுதும். ஆகவே தமிழுக்கு எந்தக் கேடும் இல்லை. ஒரு கோப்பைப் பலவாக உடைக்கும் ஸ்பிளிட் கட்டளையில்தான் கவனம் வேண்டும். அதன் '-பி' (b) விருப்பத்தால் பைட் கணக்கில் வெட்டினால் மூன்று பைட் எழுத்தின் நடுவே வெட்டு விழலாம். துண்டுகளின் ஓரங்களில் குப்பை தெரியும். வரிக் கணக்கில் வெட்டும் '-எல்' பாதுகாப்பானது.

8. வட்டைச் சேர்ந்ததா?

ஒரு கோப்பகத்தை டாரால் தொகுத்து, ஒரே ஓட்டத்தில் இரண்டு வெளிவட்டுகளில் எழுதி, கூடவே அதன் ஷா-256 கணக்கையும் எடுக்க டீ அருமையான கருவி. பாஷின் செயல்முறைப் பதிலீட்டால், கோப்பு கேட்கும் இடத்தில் ஒரு கட்டளையையே வைக்கலாம். மூலத்தை ஒருமுறை படித்தால் போதும். டீ ஒரு வட்டில் எழுதிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும் என்பதால், இரண்டில் மெதுவான வட்டின் வேகத்துக்கே மொத்த வேலையும் இறங்கிவிடும். பதிலீட்டுக்குள் இருக்கும் ஷா-256 கட்டளைக்காகப் பாஷ் காத்திருப்பதில்லை. முனையத்தில் அடுத்த வரி வந்த பிறகும் அது ஓடிக்கொண்டிருக்கலாம்.

டீ வெற்றிகரமாக முடிந்தது என்றால் பைட்டுகள் கெர்னலிடம் சேர்ந்தன என்று மட்டுமே பொருள். அவை நினைவகத்தின் பக்கச் சேமிப்பில் சிறிது நேரம் தங்கி, பின்னரே வட்டுக்குப் போகும். அதற்குள் கம்பியைப் பிடுங்கினால் கோப்பு அரைகுறையாகும். 'சிங்க்' கொடுத்து அது திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். எழுதிய கையோடு 'சிஎம்பி'யால் இரண்டு நகல்களையும் ஒப்பிடுவதும் போதாது. அந்த ஒப்பீடு பெரும்பாலும் நினைவகத்தில் இருக்கும் பக்கங்களையே படிக்கும், வட்டைத் தொடாது. இரண்டு வட்டுகளையும் 'யூமவுண்ட்' செய்து, கழற்றி, மீண்டும் பொருத்தி, அதன் பிறகு ஷா-256 கணக்கை எடுத்து முதலில் எடுத்ததோடு ஒப்பிட வேண்டும்.